குளிர்கால விடுமுறையில் ஹோஸ்ட் குடும்பத்துடன் பயணம்: பரிமாற்ற மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓராண்டுப் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவுக்குச் செல்லும் பள்ளி மாணவர்களுக்கு, அவர்கள் புறப்படுவதற்கு முன் சில வகுப்புகள் எடுத்து வருகிறேன். ஆகஸ்ட்டில் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும். "அக்கா, நாளைக்கு நயாகரா போறோம். கனடா பக்கமும் போவாங்களாம். பாஸ்போர்ட் இருந்தா போதும்ல?" அனுப்பும் பெயர் ஆண்டுதோறும் மாறுகிறது, கேள்வி மட்டும் மாறுவதில்லை. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியை, அதுவும் யாரிடமும் கேட்காமல், மனத்துக்குள்ளேயே கேட்டு, நானே "போதும்" என்று பதிலும் சொல்லிக்கொண்டவள். கையுறை எடுத்துச் செல்லுங்கள், காலையில் நேரத்துக்கு எழுந்திருங்கள் என்பவற்றை உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

அனுமதியை வாய்வார்த்தையாகப் பெறுவது

உங்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்திருக்கும் ஹோஸ்ட் குடும்பம் அழைக்கிறது, ஊரில் அப்பாவும் அம்மாவும் சரி என்கிறார்கள், அத்துடன் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்றிருப்பது இவ்விருவரும் அல்லர், உங்களை அழைத்து வந்த திட்ட நிறுவனம். வெளி மாநிலப் பயணத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் அந்த நிறுவனத்தின் விதிகள் வேறு வேறாக இருக்கும். பெற்றோரின் கையொப்பமிட்ட படிவத்தையும் கேட்கலாம். பயணச்சீட்டு வாங்கிய பிறகு அந்த நிறுவனத்தின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்வது அனுமதி கேட்பதாகாது.

எல்லை தாண்டுவதையும் ஓர் உலா என்று நினைப்பது

இதை எழுதும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பெரும்பகுதி என் மீதே.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் ஒரு குடும்பத்துடன் தங்கியிருந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள், ஹோஸ்ட் அப்பா, அம்மா, பத்து வயதும் ஏழு வயதுமான இரு தம்பிகள், நான் என ஐந்து பேர் நான்கு மணி நேரம் காரில் சென்று நயாகரா அருவியை அமெரிக்கக் கரையிலிருந்து பார்த்தோம். அருவியின் முழு முகமும் எதிர்க்கரையிலிருந்துதான் தெரியும் என்பதால், கனடாவின் ஒன்டாரியோ பக்கத்தில் இரண்டு இரவுகளுக்கு விடுதி அறை பதிவு செய்து வைத்திருந்தார்கள். பணம் திரும்பக் கிடைக்காத வகைப் பதிவு. எனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அதைச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். இரு நாடுகளையும் இணைக்கும் ரெயின்போ பாலத்தின் மீது கார் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நொடியிலாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆசையோடு ஏற்பாடு செய்தவர்களிடம் அபசகுனமாக எதையாவது சொல்வானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கனடா அதிகாரி என் கடவுச்சீட்டை இருமுறை புரட்டினார். கனடா விசா இல்லை. உள்ளே அழைத்துச் சென்று, ஒரு தாளைக் கையில் கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். தலைவலி அதன் பிறகுதான் தொடங்கியது. பாலத்தின் மறுமுனையில் அமெரிக்க அதிகாரி டிஎஸ்-2019 படிவத்தை, அதாவது பரிமாற்ற மாணவருக்குத் திட்ட நிறுவனம் தரும் தகுதிச் சான்றைக் கேட்டார். அது வீட்டில், என் மேசை இழுப்பறையில் இருந்தது. கைப்பேசியில் இருந்த அதன் படத்தைக் காட்டினேன். அந்தப் படத்திலும், பயணத்துக்கான கையொப்பம் இட வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் காத்திருந்த பின், ஐ-515ஏ என்ற படிவத்தைக் கொடுத்து, 30 நாட்களுக்கு மட்டும் அனுமதித்தார்கள். உரிய ஆவணங்களை அதற்குள் அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். காத்திருந்த நேரத்தில் இளைய தம்பி நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். விடுதிப் பணம் போயிற்று. வீடு திரும்பும் வழியெல்லாம் ஹோஸ்ட் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்கக் குடிமக்களின் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தரைவழியாகக் கனடா சென்று வரப் பிறப்புச் சான்றிதழே போதும். அப்படிப் பலமுறை போய்வந்தவர்களுக்கு எல்லை என்பது சுங்கச்சாவடி போலத்தான் தெரியும். "ஒன்றும் ஆகாது, நாங்கள் எப்போதும் போவோம்" என்று அவர்கள் சொல்வது உண்மை; ஆனால் அது அவர்களுடைய கடவுச்சீட்டின் உண்மை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், அமெரிக்க விசா இருந்தாலும், கனடாவுக்குத் தனி விசா பெற வேண்டும். உடன் படிக்கும் தாய்லாந்து அல்லது பிலிப்பைன்ஸ் மாணவர், அமெரிக்க விசாவைக் காட்டி மின்னணு அனுமதி வாங்கினேன் என்று சொன்னால் அதையும் நம்பிப் புறப்படாதீர்கள். 2023-இல் விரிவாக்கப்பட்ட அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. பட்டியலில் உள்ள அந்த நாட்டினருக்கும் அது விமானத்தில் செல்லும்போது மட்டுமே பயன்படும், காரில் சென்றால் விசா வேண்டும்.

விசாவுக்குக் கைரேகையும் நிழற்படமும் பதிய வேண்டும், கடவுச்சீட்டையும் அனுப்ப வேண்டும். டிசம்பரில் தொடங்கினால் நடக்காது. அக்டோபரிலேயே, "விடுமுறையில் நாட்டைவிட்டு வெளியே செல்லும் எண்ணம் உண்டா?" என்று வீட்டில் நேரடியாகக் கேட்டுவிடுங்கள், இன்ப அதிர்ச்சி கெட்டால் கெடட்டும். உண்டு என்றால், டிஎஸ்-2019 படிவத்தில் திட்ட நிறுவனத்தின் பயணக் கையொப்பத்தைப் பெற்று, தாளாகவே உடன் எடுத்துச் செல்லுங்கள். அமெரிக்க விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள்: ஒன்று என்றிருந்தால் வெளியே போன பின் அதே விசாவில் திரும்ப நுழைய முடியும் என்று எண்ணாதீர்கள். பதினெட்டு வயது நிறையாதவர்கள் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தையும் வைத்திருக்க வேண்டும்.

இதே பள்ளம் இன்னோர் உருவத்திலும் வரும். ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாஸ் சென்று அதே துறைமுகத்துக்குத் திரும்பும் உல்லாசக் கப்பலில் அமெரிக்கர்கள் கடவுச்சீட்டு இல்லாமலே, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காட்டி ஏறலாம். கப்பல் புறப்பட்ட ஊருக்கே வந்துவிடுகிறதே என்று அவர்களுக்கு அது வெளிநாடாகவே தோன்றாது. உங்களுக்கு அது நாட்டைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைவதுதான். ஹவாயும் புவேர்ட்டோ ரிக்கோவும் அப்படியல்ல. கடல் தாண்டினாலும் அவை அமெரிக்காவுக்குள் அடக்கம்.

பனிச்சறுக்கு தெரியும் என்று தலையாட்டுவது

தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, நேராகச் சரிவின் உச்சிக்குப் போய், கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு திரும்பிய மாணவர்களை எனக்குத் தெரியும். தொடக்கநிலை வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு நிற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்தவருக்கு விபத்து அல்லது நோய் ஒன்றுக்குக் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்தத் தொகையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாமல், உங்கள் காப்பீட்டு ஆவணத்தில் விலக்குகள் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். சில காப்பீடுகள் ஆபத்தான விளையாட்டுகளுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும், முதல் 500 டாலர் வரை உங்கள் கைப்பணமாக இருக்கக்கூடும்.

செலவைப் பற்றிப் பேசாமலே புறப்படுவது

ஜே-1 பள்ளித் திட்டங்களில் ஹோஸ்ட் குடும்பங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு உங்களை வைத்திருக்கவில்லை. அவர்கள் ஏற்றிருப்பது இருப்பிடமும் உணவும். விமானச் சீட்டும் நுழைவுக் கட்டணங்களும் யாருடையவை என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். வாயிலில் வரிசையில் நிற்கும்போது பணப்பையை எடுப்பதா வேண்டாமா என்று தடுமாறுவதைவிட, ஒரு வாரத்துக்கு முன்பே, "என் பங்கு எவ்வளவு?" என்று கேட்பது இருவருக்கும் எளிது.

நள்ளிரவுக் காணொளி அழைப்பு

நியூயார்க்கைவிட இந்தியா குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஊரில் அம்மாவுக்குக் காலை பதினொரு மணி என்றால், ஒரே விடுதி அறையில் உங்களோடு படுத்திருப்பவர்களுக்கு நள்ளிரவு தாண்டி அரை மணி.

கார் ஓட்டிப் பார்ப்பது

பெரும்பாலான திட்டங்களில் இதற்கு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திரும்பிய பின் ஐ-94 பதிவைப் பார்க்காமல் விடுவது

எல்லை தாண்டி வந்திருந்தால், வீடு சேர்ந்த அன்றே அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில், நாட்டுக்குள் நீங்கள் நுழைந்ததைக் குறிக்கும் ஐ-94 பதிவைத் திறந்து, நுழைந்த நாளும் ஜே-1 என்ற வகையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் மறுநாளே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.