ஹோம்ஸ்ரே வீட்டில் விடக்கூடாத பிழைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்படுகிற பிள்ளைகள் ஐஇஎல்ரிஎஸ் புள்ளி, வங்கிக் கணக்கு, குளிர்ச்சட்டை என்று எல்லாம் கேட்கிறார்கள். ஹோம்ஸ்ரே என்று அந்நாட்டுக் குடும்பமொன்றோடு தங்கப்போகிற வீட்டின் குளியலறை எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கட்டிலை ஒழுங்குபடுத்து, நேரத்துக்கு வா என்பதை அம்மாமார் சொல்லித்தான் அனுப்புவார்கள். அம்மாவுக்கும் தெரியாதவைதான் கீழே.

ஈரமான குளியலறைத் தரை

ஒவ்வொரு வருடமும் திரும்ப நடக்கிற பிழை இது. பத்து நிமிடம் விளங்கப்படுத்தினால் நடக்காது என்பதால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நாங்கள் கிணற்றடியில் அள்ளிக் குளித்துப் பழகியவர்கள். வீட்டுக்குள் குளியலறை கட்டினாலும் சீமெந்துத் தரையைச் சரிவாகப் போட்டு, மூலையில் தண்ணீர் போக வழி விடுவோம். ஒரு வாளியைக் கவிழ்த்தாலும் ஓடிவிடும். இங்கிலாந்திலும் கனடாவிலும் பல வீடுகளில் மாடிக் குளியலறையின் தரை மரப்பலகை, அதன்மேல் ஒரு வினைல் விரிப்பு. தண்ணீர் போகிற துவாரம் குளிக்கும் தொட்டிக்குள் மட்டுமே. வெளியே சிந்தினால் விரிப்பின் ஓரத்தாலும், தொட்டியைச் சுற்றிப் பூசிய சிலிக்கன் விட்ட இடத்தாலும் இறங்கிப் பலகையை ஊறவைக்கும். மேலே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் கீழ் அறையின் சீலிங்கில் பிளேன்ரீ கொட்டியது போல ஒரு மஞ்சள் வட்டம் வரும். அந்தச் சீலிங் ஜிப்சம் பலகை. ஊறினால் தொய்யும், பிறகு பெயர்ந்து விழும். அந்தச் செலவு முற்பணத்தில் கை வைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குளிக்கத் தொடங்குமுன் ஷவர் திரையின் கீழ் ஓரத்தைத் தொட்டிக்கு உள்ளே விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் முழுக்கத் திரை வழியே தரைக்குத்தான் வழியும். குளித்து முடிந்ததும் தொட்டிக்குள் நின்றபடியே துவாயால் துடைத்து, கடைசியாகக் காலைத் துடைத்து, வெளியே விரித்த கால்விரிப்பில் இறங்குங்கள். அந்த விரிப்பைத் தொட்டி விளிம்பில் காயப்போடுங்கள். திரையைச் சுருட்டி வைக்காமல் இழுத்து விரித்து விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரக்காற்றை வெளியே தள்ளும் காற்றாடியை இன்னும் இருபது நிமிடம் ஓட விடுங்கள்.

மலசலகூடத்தில் தண்ணீரால் கழுவப் பழகியவர்கள் கைக்கடக்கமான ஒரு போத்தல் வைத்திருங்கள், மலசலகூடக் கோப்பைக்கு மேலேயே பாவியுங்கள். கேட்காமல் கை ஷவர் பூட்ட வேண்டாம். வால்வை மூட மறந்தால் குழாய் எந்நேரமும் அழுத்தத்தில் நிற்கும். ஒருநாள் வெடித்தால் வீடே வெள்ளம்.

தேங்கிய தண்ணீருக்கு மேல் துவாயைப் போட்டு மூடிவிட்டு வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகள் உண்டு. சிந்தியதை விட இது பெரிய பிழை. அன்றைக்கே சொன்னால் துடைத்து, காற்றுப் பிடித்துக் காயவைத்துவிடலாம். ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரரே மஞ்சள் வட்டத்தைக் கண்டால், பலகையோடு நம்பிக்கையும் ஊறிப்போயிருக்கும்.

“வேண்டாம்” என்று ஒருமுறை சொல்வது

எங்கள் ஊரில் முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் சாப்பாட்டுக் கோப்பையிலேயே போட்டுவிடுவார்கள். அங்கே முதல் “வேண்டாம்” உடன் சட்டி மேசையை விட்டுப் போய்விடும். பசித்தால் முதலிலேயே ஓம் சொல்லுங்கள்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் “வெஜிற்றேரியன்” என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே முட்டை அதற்குள் அடக்கம். இறைச்சி, மீன், முட்டை, ஜெலற்றின் (மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) என்று விலக்குவதை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மரக்கறி என்றால் கொடியேற்றத் திகதியை முன்னதாகவே சொல்லுங்கள். கந்தசஷ்டியின் ஆறு நாளுக்கும் அப்படியே. இறைச்சியை வாங்கிக் குளிரூட்டியில் வைத்த பிறகு சொன்னால் யாருக்கும் முகம் கறுக்கும்.

புகை அலாரத்தை மூடுவது

ஒருபோதும் வேண்டாம். செத்தல் மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலிருக்கும் காற்றாடியைப் போடுங்கள்.

தேங்காய் எண்ணெய்

சிங்குக்குள் ஊற்றாதீர்கள். 24 பாகைக்குக் கீழே உறையும். குளிர்காலத்தில் குழாய் அடைபடும்.

ரைஸ் குக்கரை இங்கிருந்து கொண்டுபோவது

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். எங்கள் 230 வோல்ற் குக்கரில் அங்கே கால்வாசிச் சூடுதான் வரும், சோறு வேகாது. பிளக் மாற்றியால் வோல்ற் மாறாது.

நேரம் பார்க்காத தொலைபேசி

யாழ்ப்பாணத்தில் இராச் சாப்பாடு முடித்து அம்மா ஒன்பது மணிக்கு எடுத்தால் மெல்பேர்னில் பின்னிரவு ஒன்றரை. அங்கே கோடை நேரமானால் இரண்டரை. சுவர் மெல்லியது, ஸ்பீக்கரில் கேட்கும் அம்மாவின் குரல் அடுத்த அறைக்கும் போகும். காலை ஆறு மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள், அங்கே பத்தரை அல்லது பதினொன்றரை.

கோபத்தில் வீடு மாறுவது

அவுஸ்திரேலியாவில் 18 வயதுக்குட்பட்ட மாணவருக்கு இது விசா விடயம். தங்குமிடத்துக்குப் படிக்கும் நிறுவனம் பொறுப்பேற்றிருந்தால், அதன் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் மாறுவது 8532 என்ற நிபந்தனையை மீறுவதாகும். உறவுக்கார மாமா வீடு பக்கத்திலேயே இருந்தாலும் பெட்டியைத் தூக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல், பிறகு பதில் கைக்கு வரும்வரை அதே அறை.