பழைய எகிப்திய இலக்கியம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சினுஹே என்றதும் பலருக்கு ஒரு மருத்துவர்தான் நினைவுக்கு வருவார். மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை செய்பவர், மன்னர் அக்நாதன் காலத்து எகிப்தைக் கண்ணால் பார்த்தவர். அந்த ஆள் ஃபின்லாந்து எழுத்தாளர் மிக்கா வால்ட்டரி 1945இல் வெளியிட்ட நாவலின் நாயகன். 1954இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியதும் அவர் இன்னும் பிரபலமானார். பழைய எகிப்தியக் கதையில் வரும் சினுஹே மருத்துவரே இல்லை, அரசி நெஃப்ருவின் பணியாளர். அவர் கதை தொடங்குவது மன்னர் முதலாம் அமெனெம்ஹாத் இறந்தபோது, அதாவது கி.மு. 20ஆம் நூற்றாண்டில். அக்நாதன் ஆண்டது கி.மு. 14ஆம் நூற்றாண்டில். இடையில் சுமார் அறுநூறு வருடம்.

இதற்கு வால்ட்டரியைக் குறை சொல்ல முடியாது. பழங்கதையில் வரும் சினுஹேயின் பெயரைத்தான் தாய் தனக்கு வைத்தாள் என்று அவருடைய நாயகனே சொல்லிவிடுகிறான். இரண்டு பேரையும் ஒருவராக்கியது வாசகர்கள்தான்.

இந்தக் குழப்பத்தால் மூலக்கதையின் உயிரான ஒரு விஷயம் கைநழுவிப் போகிறது. மன்னர் இறந்த செய்தி ரகசியமாகச் சொல்லப்படுவது சினுஹேயின் காதில் விழுகிறது. கை கால் நடுங்குகிறது. புதருக்குள் ஒளிந்துகொள்கிறார், அப்புறம் நாட்டைவிட்டே ஓடுகிறார். ஏன்? கதை சொல்லவில்லை. யாரும் என்னைப் பழிக்கவில்லை, யாரும் என் முகத்தில் துப்பவில்லை, அது ஏதோ தெய்வச் செயல் போல இருந்தது என்கிறார் அவர். அவ்வளவுதான். பல வருடம் அந்நிய மண்ணில் வாழ்ந்து, பிள்ளைகள் பெற்று, ஒரு மல்லனையும் வென்ற பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் 1941இல் இதைச் சிறுகதையாகத் திருப்பி எழுதியபோது காதலைக் காரணமாக வைத்தார். நவீன எழுத்தாளருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு ‘எகிப்தியக் கதையில் இப்படித்தான் வருகிறது’ என்று எழுதுபவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். நமக்குக் கிடைத்திருப்பவை கிழிந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள், மாணவர்கள் எழுதிப் பழகிய பிரதிகள், சுண்ணாம்புக்கல் சில்லுகள். கையில் வாங்கும் புத்தகமோ முழுசாக, வழவழப்பாக இருக்கிறது. நடுவில் இருந்த ஓட்டைகளை யாரோ அடைத்திருக்கிறார்கள். யார், எந்தக் காலத்தில், எதை வைத்து அடைத்தார்கள் என்று கேட்காமல் படிப்பதுதான் முதல் தவறு.

‘சபிக்கப்பட்ட இளவரசன்’ கதையைப் பாருங்கள். முதலை, பாம்பு, நாய் இந்த மூன்றில் ஒன்றால் இளவரசனுக்குச் சாவு என்று பிறந்தபோதே விதிக்கப்படுகிறது. வளர்ந்தபின் அவன் நஹரின் நாட்டுக்குப் போகிறான். எழுபது முழ உயரத்து ஜன்னலுக்குத் தாவி ஏறி இளவரசியை மணக்கிறான். ஒரு இரவு பாம்பு வருகிறது. மனைவி கிண்ணங்களில் வைத்திருந்த மதுவைக் குடித்து அது மல்லாந்து கிடக்க, அவள் கோடாரியால் வெட்டிப் போடுகிறாள். பிறகு அவன் ஆசையாய் வளர்த்த நாயே வாய் திறந்து பேசுகிறது. அதற்குப் பயந்து தண்ணீருக்குள் ஓடினால் அங்கே முதலை பிடித்துக்கொள்கிறது. நீரில் இருக்கும் பூதத்தோடு சண்டை போட உதவினால் விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசுகிறது. அந்த இடத்தில் பாப்பிரஸ் கிழிந்திருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ‘ஹாரிஸ் 500’ சுருளில் இதற்கு மேல் கதை இல்லை, வேறு பிரதியும் இல்லை.

1904இல் ஆண்ட்ரூ லாங் தன் சிறுவர் கதைத் தொகுப்பில் இதைச் சேர்த்தபோது சுபமாக முடித்துவைத்தார். குழந்தைகளுக்கு முடிவு வேண்டும், சரி. ஆனால் அந்த முடிவை வைத்துக்கொண்டு ‘விதியை அன்பு வெல்லும் என்று எகிப்தியர் நம்பினர்’ என்று கட்டுரை எழுதினால், அது எகிப்தைப் பற்றிய கட்டுரை அல்ல, லாங்கைப் பற்றியது. தலைப்பும்கூட நம் காலத்தவர் வைத்ததே. ‘சபிக்கப்பட்ட’ என்று முன்கூட்டியே முடிவு கட்டியவர் எகிப்திய எழுத்தர் இல்லை.

இனி ‘இறந்தோர் நூல்’. இதை எகிப்தியரின் வேதம் என்பார்கள். அப்படி ஒரு நூலே கிடையாது. 1842இல் ஜெர்மானிய அறிஞர் லெப்சியுஸ், டூரின் நகரில் இருந்த ஒரு பாப்பிரஸை வெளியிட்டபோது அதை 165 பகுதிகளாகப் பிரித்து எண் போட்டு இந்தப் பெயரையும் வைத்தார். எகிப்தியருக்கு அவை ‘பகலில் வெளிவருவதற்கான’ மந்திரங்கள். ஒவ்வொருவரும் வசதிக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மந்திரங்களைப் பொறுக்கித் தனக்கென ஒரு சுருள் எழுதி வாங்கிக்கொண்டார். பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு முன்கூட்டியே தயாரித்த சுருள்களும் இருந்தன. வாங்குபவர் பெயரைப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாம். ஆனி என்ற எழுத்தருக்காக எழுதிய, எல்லாரும் அறிந்த பாப்பிரஸிலேயே அப்படி நிரப்பிய இடங்கள் உண்டு.

இறந்தோர் நூலிலிருந்து எடுத்ததாக ‘மாஅத்தின் 42 கட்டளைகள்’ (மாஅத் என்றால் உண்மை, நீதி) என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. 125ஆம் மந்திரத்தில் இறந்தவர் 42 தெய்வங்களுக்கு முன் நின்று ‘நான் திருடவில்லை, நான் கொல்லவில்லை’ என்று வரிசையாகச் சொல்கிறார். இது கட்டளை இல்லை, தன் பக்கம் குற்றமில்லை என்ற வாக்குமூலம். இன்னொரு மந்திரம் இதைவிடச் சுவாரசியம். தீர்ப்பு வேளையில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று சொந்த இதயத்திடமே அதில் கெஞ்சுகிறார்கள். வெறும் அறநூலாக வாசிப்பவர்கள் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இறந்தோர் நூலுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு பெரும்பாலும் வாலிஸ் பட்ஜ் செய்தது. ஆனியின் சுருளை 1888இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வாங்கி வந்தவரும் அவர்தான். சுமார் 24 மீட்டர் நீளச் சுருள் 37 துண்டுகளாக வெட்டப்பட்டதும் அவர் கையால்தான். அவருடைய மொழிபெயர்ப்பு 1895இல் வந்தது, கார்டினரின் எகிப்திய இலக்கணம் 1927இல். இடையிலும் அதற்குப் பின்னும் அந்த மொழியைப் பற்றிய அறிவு எவ்வளவோ மாறிவிட்டது. பட்ஜ் நிறையப் பேரைச் சென்றடைவதற்குக் காரணம் காப்புரிமை முடிந்துபோனதுதான், சரியாக இருப்பது அல்ல. பட்ஜை வைத்துத் தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் பின்னால் வந்த அறிஞர் ஃபாக்னரின் மொழிபெயர்ப்பையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓசிரிஸ் என்ற தெய்வத்தின் கதையிலும், ஓட்டையை யாரோ அடைத்த இதே சிக்கல். பெட்டிக்குள் அடைத்து ஆற்றில் விட்டது, பிப்லோஸ் அரண்மனைத் தூண், துண்டுதுண்டாக வெட்டியது, மீன் தின்ற உறுப்பு என்று கோவையாக நமக்குத் தெரிந்த வடிவம் புளூட்டார்க் என்ற கிரேக்கர் சொன்னது, அதுவும் பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளில். எகிப்திய மூலங்களில் கதை இவ்வளவு வரிசையாக எங்கும் இல்லை. துதிப்பாடல்களிலும் மந்திரங்களிலும் சிதறிக் கிடக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் ‘எகிப்தியப் பழமொழிகள்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘உன்னையே அறி’ வகையறாவில் பல, இஷா ஷ்வாலர் டி லூபிக்ஸ் 20ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு நாவலிலிருந்து வந்தவை.

மறுபுறம், உண்மையான பழைய நூலையே அப்படியே நம்பிவிடும் தவறும் இருக்கிறது. அப்படி ஒரு அறிவுரை நூலில், துவா-கேத்தி என்ற தந்தை தன் மகனைப் பள்ளியில் சேர்க்கப் படகில் கூட்டிப்போகும்போது ஒவ்வொரு தொழிலாகத் திட்டித் தீர்க்கிறார். உலோக வேலை செய்பவனின் விரல் முதலைத் தோல் மாதிரி, துணி வெளுப்பவன் முதலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறான், எழுத்தர் வேலைதான் வேலை. இதை வைத்து எகிப்தியத் தொழிலாளர் வாழ்க்கையை வரைபவர்கள் உண்டு. இப்படி எழுதியது எழுத்தர் கூட்டம், எழுதிப் பழகியது எழுத்தராகப் போகும் மாணவர்கள். வேறு என்ன சொல்வார்கள்?

சரி, எதைப் படிப்பது? ஆங்கிலத்தில் மிரியம் லிக்ட்ஹைமின் மூன்று தொகுதிகள் (1973 முதல் 1980 வரை), சினுஹேக்கும் அக்காலக் கவிதைகளுக்கும் பார்க்கின்சனின் 1997 தொகுப்பு, எளிய நடை வேண்டுமென்றால் டோபி வில்கின்சனின் 2016 தொகுப்பு. சதுர அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போகாதீர்கள். அங்கே சுருள் சிதைந்திருக்கிறது, சொல் மொழிபெயர்ப்பாளருடையது. வரி பிரித்து அச்சிட்டிருப்பதைப் பார்த்து யாப்பு அப்படித்தான் என்று எண்ணிவிடவும் வேண்டாம். எழுத்தர்கள் தொடர்ச்சியாகத்தான் எழுதினார்கள், வரி பிரித்தது பதிப்பாசிரியர்.

தொடங்குவதற்குக் கப்பல் உடைந்த மாலுமியின் கதை நல்லது. சிறியது, கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்திருக்கிறது. சிறுவர் பதிப்பில் வேண்டாம். அவற்றில் முப்பது முழத் தங்கப் பாம்பு மட்டும் இருக்கும், வெளிக்கதை பெரும்பாலும் இருக்காது. போன காரியம் நடக்காமல் திரும்பும் ஓர் அதிகாரிக்குத் தெம்பு கொடுக்கத்தான் அவருடைய ஆள் பாம்புக் கதையைச் சொல்கிறான். முழுக்கக் கேட்டுவிட்டு அதிகாரி எரிச்சலாகக் கேட்கிறார்: காலையில் அறுக்கப்போகும் வாத்துக்கு விடியற்காலையில் தண்ணீர் வைப்பவன் யார்?