முடி கொட்டுதுன்னு எண்ணெய மாத்துறதுக்கு முன்னாடி காலண்டர எடுங்க

முடி கொட்ட ஆரம்பிச்சதும் நம்ம வீடுகள்ல முதல்ல பழி விழறது ஷாம்பூ மேல. அடுத்து தண்ணி, "இந்த வீட்டு போர் தண்ணி ஒத்துக்கல"ன்னு. அப்புறம் எண்ணெய். செக்கு எண்ணெய், அது சரியில்லன்னா கறிவேப்பிலை காய்ச்சுன எண்ணெய், அதுவும் சரியில்லன்னா ரீல்ஸ்ல பார்த்த வெங்காய எண்ணெய்னு ஒரு ரவுண்டு வந்துடுவோம். ஆனா இன்னிக்கு சீப்புல வர்ற முடிக்கும் போன வாரம் மாத்துன ஷாம்பூவுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது, ஏன்னா அந்த முடி விழணும்னு முடிவானதே ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி.

இது புரிஞ்சா பாதி தப்பு தானா நின்னுடும், அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன். தலையில இருக்க ஒவ்வொரு முடியும் தனித்தனி கணக்குல ஓடுது. 2 வருஷத்துலேர்ந்து 6 வருஷம் வரைக்கும் வளரும், அப்புறம் ஒரு சில வாரம் வளர்ச்சி அடங்கும், அப்புறம் ஒரு மூணு மாசம் சும்மா ஓய்வுல இருக்கும், அதுக்கப்புறம் விழும். நல்ல நிலைமைல 100க்கு 85, 90 முடி வளர்ற கட்டத்துல இருக்கும், அதனால ஒரு நாளைக்கு 50லேர்ந்து 100 முடி விழுந்தா அது நார்மல்தான். உடம்புக்கு பெரிய அதிர்ச்சி வந்தா, டெங்கு, டைஃபாய்டு, கோவிட், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், இப்படி ஏதாவது, வளர்ந்துட்டு இருந்த முடில ஒரு பெரிய பங்கு ஒரே நேரத்துல ஓய்வுக்கு போயிடும். அப்பவே விழாது. நாம குணமாகி, நல்லா சாப்பிட்டு, வேலைக்கு போக ஆரம்பிச்சு, அந்த காய்ச்சலையே மறந்த பிறகு கொத்து கொத்தா விழும். டாக்டருங்க இத டீலோஜன் எஃப்ளூவியம்னு சொல்வாங்க.

என் சித்தி பொண்ணுக்கு ஆகஸ்ட்ல டெங்கு, நவம்பர்ல முடி. நடுவுல அவ ஹாஸ்டல் மாறியிருந்தா, அதனால வீட்ல எல்லாருக்கும் ஹாஸ்டல் தண்ணிதான் வில்லன், கேன் தண்ணி வாங்கி தலைக்கு குளிக்கிற அளவுக்கு போயிடுச்சு. யாருக்கும் ஆகஸ்ட் ஞாபகமே இல்ல. காலண்டர்ல மூணு மாசம் பின்னாடி போய் என்ன நடந்துச்சுன்னு பார்க்காம வைத்தியம் ஆரம்பிக்கிறதுதான் நான் பார்த்ததுலயே ரொம்ப சாதாரணமா நடக்குற தப்பு.

இதோட இன்னொரு பக்கம் இன்னும் வேடிக்கை. இந்த மாதிரி கொட்டுறது பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா அடங்கிடும். அது அடங்குற சமயத்துல நீங்க எந்த எண்ணெய தேய்ச்சிட்டு இருக்கீங்களோ அதுக்கு பேரு போயிடும், "எனக்கு இதுதான் கேட்டுச்சு"ன்னு அக்கா தங்கச்சி ஆபிஸ் ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் சிபாரிசு வேற. தேங்காய் எண்ணெய குறை சொல்லல, அது முடித்தண்டுல இருக்க புரோட்டீன் கழுவிட்டு போறத குறைக்கும், முடி உடையறது குறையும், நல்ல விஷயம்தான். ஆனா எந்த எண்ணெயும் தைராய்டையோ ரத்தத்துல இருக்க இரும்பையோ சரி பண்ணாது.

தண்ணியா, உள்ள ஏதாவதான்னு ஒரு சந்தேகம் இருந்தா வீட்லயே ஒண்ணு பார்க்கலாம். விழுந்த முடி ஒரு நாலஞ்சு எடுத்து வெளிச்சத்துல ஒரு கறுப்பு துணி மேல வைங்க. ஒரு நுனில கடுகுல கால்வாசி கூட இல்லாத சின்ன வெள்ளை குமிழ் இருந்தா அது வேரோட வந்த முடி, ஓய்வு முடிஞ்சு விழுந்தது. குமிழே இல்லாம, நீளமும் குட்டையா இருந்தா அது நடுவுல உடைஞ்சது. உப்பு தண்ணி, ஸ்ட்ரெயிட்னர் சூடு, ஈரத் தலைய சீவுறது இதெல்லாம் பெரும்பாலும் உடைக்கத்தான் செய்யும். குமிழோட நெறைய வருதுன்னா தண்ணிய விட்டுட்டு உடம்ப பாருங்க.

பிரசவத்துக்கு அப்புறம் கொட்டுறது பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இதுல பயமும் அதிகம் தப்பும் அதிகம். கர்ப்பமா இருக்கப்போ ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் ஏறி இருக்கறதால விழ வேண்டிய முடி கூட விழாம தங்கும், அதான் அப்ப எல்லாரும் "முடி அடர்த்தியா இருக்கே"ன்னு கேப்பாங்க. குழந்தை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜன் சட்டுனு இறங்கும், மூணு நாலு மாசத்துல தங்குனதெல்லாம் சேர்ந்து விழும். குழந்தை முகம் பார்த்து சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்னு எங்க பக்கம் பாட்டிங்க சொல்றதுல காரணம் தப்பு, மாசக் கணக்கு ரொம்ப சரி. குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வர்றதுக்குள்ள பெரும்பாலானவங்களுக்கு பழைய மாதிரி ஆகிடும்.

இங்க நடக்குற தப்பு என்னன்னா பிரசவம் ஆனதும் இரும்புச்சத்து மாத்திரைய நிறுத்திடறது. அரசு திட்டத்துல கர்ப்ப காலத்துல 180 நாள், பிரசவத்துக்கு அப்புறம் இன்னொரு 180 நாள் தினமும் சாப்பிடத்தான் அந்த மாத்திரைய கொடுக்குறாங்க. ஆனா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த பைய அலமாரிக்குள்ள வச்சதோட சரி. கூடவே பத்தியம்னு கீரை கூடாது பருப்பு கூடாது முட்டை கூடாதுன்னு மாசக்கணக்கா ஓட்டுறாங்க, ரத்தம் போன உடம்பு, பால் கொடுக்குற உடம்பு, அதுக்கு எங்கேர்ந்து வரும்? ஒரு வருஷம் தாண்டியும் நிக்கலன்னா, இல்ல நடுவுல ரொம்ப சோர்வு, படபடப்பு, எடை ஏத்தம் இறக்கம்னு இருந்தா தைராய்டு பாருங்க, பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு தடுமாறுறது உண்டு.

இரும்புச்சத்து விஷயத்துல டெஸ்ட் எடுக்குறதுலயே ஒரு தப்பு நடக்குது. ஹீமோகுளோபின் 12 இருக்கு, நார்மல்னு ரிப்போர்ட் வந்ததும் மூடி வச்சிடுவோம். ஹீமோகுளோபின் கையில இருக்க காசு மாதிரி, உடம்போட இரும்பு இருப்ப காட்டுற ஃபெரிட்டின்தான் பேங்க்ல இருக்க சேமிப்பு. சேமிப்பு காலியாகிட்டு இருக்கப்பவே உடம்பு முடிய விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சிடலாம், உயிர் பிழைக்க முடி தேவையில்லைல. ஃபெரிட்டின் ஒரு மில்லிக்கு 15 நானோகிராமுக்கு கீழன்னா உலக சுகாதார நிறுவனக் கணக்குல அது தெளிவான குறைபாடு, ஆனா முடி கொட்டுற பெண்களுக்கு 30, 40க்கு மேல இருக்கட்டும்னு நெறைய ஸ்கின் டாக்டருங்க பார்ப்பாங்க. காய்ச்சல் சமயத்துல ஃபெரிட்டின் பொய்யா ஏறி காட்டும், அதனால காய்ச்சல் விட்டு கொஞ்ச நாள் ஆனதும் எடுங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல இந்தியாவுல 15லேர்ந்து 49 வயசு பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டுலயும் பாதிக்கு மேலதான், அதனால "எனக்கெல்லாம் இருக்காது"ன்னு யாரும் நினைக்க வேணாம். மாசாமாசம் பீரியட்ஸ்ல அதிகமா ரத்தம் போறவங்க அத சொல்லி வைத்தியம் பார்க்காம மாத்திரை மட்டும் முழுங்கிட்டு இருந்தா சேமிப்பு ஏறவே ஏறாது.

மாத்திரைய எப்படி சாப்பிடுறோம்ங்கறதும் இருக்கு. டீ, காபியோட சாப்பிட்டா இரும்பு உடம்புல சரியா சேராது. கால்சியம் மாத்திரையோட சேர்த்து போட்டாலும் அதே கதை. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா மாதிரி ஏதாவது கூட இருந்தா நல்லா சேரும். தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், அது காலைல வெறும் வயித்துல தண்ணியோட, அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி, இரும்பும் கால்சியமும் நாலு மணி நேரமாவது தள்ளி. தைராய்டு மாத்திரையயும் ஃபில்டர் காபியையும் ஒரே மூச்சுல முடிச்சிட்டு டோஸ் ஏத்தியும் குறையலயேன்னு சொல்றவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன்.

அடுத்தது பயோட்டின்ங்கற பி வைட்டமின். ஜெல்லி மிட்டாய் மாதிரி கலர் கலரா, கரடி பொம்மை ஷேப்ல விக்கிறாங்களே அதுதான். ஒரு நாளைக்கு தேவை 30 மைக்ரோகிராம், மாத்திரைல இருக்கறது 5000, 10000. பயோட்டின் குறைபாடு உண்மைல ரொம்ப அபூர்வம், குறைபாடு இல்லாதவங்களுக்கு அது முடி வளர்க்கும்னு நம்பறதுக்கு நல்ல ஆதாரம் கிடையாது. சரி காசுதானே போச்சுன்னு விட முடியாது, இது லேப் டெஸ்ட்ட கெடுக்கும். சில மெஷின்ல தைராய்டு டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் பொய்யா குறைஞ்சும் டி3, டி4 பொய்யா ஏறியும் காட்டும், இல்லாத தைராய்டு கோளாறு ரிப்போர்ட்ல வந்து உக்காரும். மாரடைப்புக்கு எடுக்குற ட்ரோபோனின் டெஸ்ட் கூட தப்பா வரலாம்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சிருக்கு. அதனால பிளட் டெஸ்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி நிறுத்துங்க, லேப்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. இதோட மல்டிவிட்டமின், ஹேர் விட்டமின், ஸ்கின் விட்டமின்னு மூணு டப்பா ஒண்ணா ஓட்டுறவங்களுக்கு ஒரு தகவல், வைட்டமின் ஏ, செலீனியம் ரெண்டும் அளவு தாண்டினா அதுவே முடிய கொட்ட வைக்கும்.

அந்த காசுக்கு முட்டை வாங்குங்க. சும்மா சொல்லல, முடியே பெரும்பாலும் புரோட்டீன். 55 கிலோ இருக்க ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 45 கிராம் வேணும். இப்ப நம்ம தட்ட பாருங்க, காலைல மூணு இட்லி கொஞ்சம் சட்னி, மதியம் சாதம் ரசம் ஒரு பொரியல், சாயங்காலம் டீ பிஸ்கட், ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருக்க மாவுல ரெண்டு தோசை. இதுல 30 கிராம் தாண்டுறதே கஷ்டம். வீட்ல இருக்க மத்தவங்களுக்கு ஆம்லெட் போட்டு கொடுத்துட்டு தான் மட்டும் ஊறுகாயோட முடிச்சிக்கிற பெண்கள் எத்தனை பேரு. ரெண்டு முட்டை சேர்த்தா 12 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல்ல சுமார் 12 கிராம் வரும், தயிர், மீன், பயறு, சோயான்னு வழி நிறைய இருக்கு. முட்டைய தலைல தடவுறத விட தட்டுல வைங்க, தலைல தடவுன புரோட்டீன் வேருக்கு போய் சேராது.

பிசிஓஎஸ், பிசிஓடின்னு சொல்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு வேற கதை. இங்க கொத்து கொத்தா விழறது கூட தெரியாது, வகிடு மெதுவா அகலமாகும், உச்சந்தலை வெளிச்சத்துல தெரியும், ஜடை மெலிசாகும். ஆண்ட்ரோஜன்ங்கற ஆண் ஹார்மோன் வேலையால முடி ஒவ்வொரு சுத்துலயும் மெலிசா வளரும். பீரியட்ஸ் தள்ளிப் போறது, தாடைல முடி, அடங்காத பரு, கழுத்துல கறுப்பு இதெல்லாம் கூட இருந்தா ஹார்மோன் பக்கம் பாருங்க. ஆனா இந்த மாதிரி மெலிசாகுற நிறைய பேருக்கு ஹார்மோன் ரிப்போர்ட் நார்மலாவும் வரும், நார்மல்னதும் பிரச்சனையே இல்லன்னு வீட்டுக்கு வந்துடாதீங்க. எடை குறைச்சா பிசிஓஎஸ் கட்டுக்குள்ள வரும்ங்கறது உண்மை, ஆனா ஒரு மாசத்துல பத்து கிலோன்னு ஜூஸ் மட்டும் குடிச்சா மூணு மாசம் கழிச்சு அந்த டயட்டே முடிய கொட்ட வைக்கும், பழி மறுபடி பிசிஓஎஸ் மேல.

இந்த வகைக்கு தலைல போட டாக்டர் எழுதுற மினாக்ஸிடில் மருந்து முதல்ல பிரஷர் மாத்திரையா வந்தது, சாப்பிட்டவங்களுக்கு கண்ட இடத்துலயும் முடி வளர்ந்ததால அத தலைக்கு திருப்பி விட்டாங்க. இதுல எல்லாரும் விழற குழி ஒண்ணு, ஆரம்பிச்ச சில வாரத்துல முடி இன்னும் அதிகமா கொட்டலாம். ஓய்வுல இருந்த பழைய முடிய தள்ளிட்டு புதுசு கிளம்புது, அவ்வளவுதான், ஆனா அங்கயே பயந்து பாட்டில தூக்கிப் போட்டுடுவாங்க. நாலுலேர்ந்து ஆறு மாசம் போட்டாதான் ஏதாவது தெரியும், நிறுத்தினா வந்தது போயிடும். வீட்டுக்காரர் பாட்டில்லேர்ந்து எடுத்து கணக்கில்லாம ஊத்துனா கன்னத்துல நெத்தில முடி வளரும், சொல்லிட்டேன். கர்ப்பமா இருக்கவங்க, குழந்தைக்கு ட்ரை பண்றவங்க, பால் கொடுக்குறவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது. ஆண்ட்ரோஜன அடக்க கொடுக்குற ஸ்பைரோனோலாக்டோன், ஃபினாஸ்டரைடு மாத்திரைங்க வயித்துல இருக்க ஆண் குழந்தையோட வளர்ச்சிய பாதிக்கலாம், அதனால அத மெடிக்கல்ல சொந்தமா வாங்கி போடுறது பெரிய ஆபத்து.

மொட்டை போட்டா அடர்த்தியா வரும்னு சமயபுரத்துக்கு கிளம்புறவங்க வேண்டுதலுக்கு போங்க, முடிக்காக போகாதீங்க. வேர் தோலுக்கு கீழ இருக்கு, கத்தி அத தொடவே இல்ல, வெட்டுன நுனி மொட்டையா இருக்கறதால தொட்டா தடிமனா தெரியுது.

மூணு மாசம் பொறுங்க, ஆறு மாசம் பொறுங்கன்னு இவ்வளவு சொன்னாலும் பொறுக்கக் கூடாத சிலது இருக்கு. வட்டமா சொட்டை விழறது, நாம புழுவெட்டுன்னு சொல்றது, அங்க புழுவும் இல்ல பூச்சியும் இல்ல, உடம்போட எதிர்ப்பு சக்தி தன் முடி வேரையே தாக்குது. அதுல பூண்டு, வெங்காயம் வச்சு தோல் புண்ணாகுற வரைக்கும் தேய்க்காதீங்க, ஸ்கின் டாக்டர பாருங்க. மண்டைல எரிச்சல், வலி, சிவப்பு, இல்ல முடி போன இடத்துல தோல் வழவழன்னு பளபளப்பா துவாரமே இல்லாம ஆகுறதுன்னா அது தழும்பு விழற வகை, வேர் அழிஞ்சா திரும்ப வராது, அந்த வாரமே போங்க. நெத்தியோரம் முடி ஏறுதுன்னா இறுக்கி போடுற கொண்டைய, ஒட்டு முடிய இன்னிக்கே தளர்த்துங்க, வருஷக்கணக்கா இழுத்த இடத்துலயும் வேர் செத்துடும். சில மாசத்துக்குள்ள திடீர்னு குரல் கட்டையாகி முகத்துல முடி வேகமா வளர்ந்தா, அத பிசிஓஎஸ்னு நீங்களே பேர் வச்சுக்காம உடனே ஹார்மோன் டாக்டர்கிட்ட போங்க, அபூர்வமா சினைப்பைலயோ அட்ரினல்லயோ கட்டி இருந்தாலும் இப்படி வரும்.