வெண்ணெய்ப் பூ கையில் உருகினால்

புத்தகயாவில் ஒரு குளிர்காலம், மொன்லம் என்னும் திபெத்திய பௌத்தப் பெரும் பிரார்த்தனைக்கு வரும் யாத்ரிகர்களுக்காகத் தோர்மா செய்யும் கூடத்தில் கைவேலைக்கு உட்கார்ந்தேன். தோர்மா என்பது திபெத்தியர்களின் படையல் சிற்பம். 1409இல் திபெத்திய பௌத்த குரு சோங்கபா லாசாவில் மொன்லத்தைத் தொடங்கினார். அங்கே வெண்ணெய்ச் சிற்பங்களுக்கென்றே திபெத்திய முதல் மாதத்தின் பதினைந்தாம் நாள் இரவில் விழா நடந்துவந்தது. லாசா குளிரில் வெண்ணெய் கல்லாக நிற்கும். பீகார் டிசம்பரோ பகலில் நல்ல வெயில்! அதனால் எங்களுக்குக் கிடைத்தது வனஸ்பதியும் மெழுகும் சேர்த்துப் பிசைந்த வண்ண மாவு.

என் முதல் தாமரை இதழ் விரலிலேயே உருகிவிட்டது. இரண்டாவதில் கைரேகை அப்படியே பதிந்தது. மெழுகு கூட்டினேன், ஓரம் வெடித்தது. பக்கத்தில் இருந்த வயதான பிக்கு என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, "தண்டா பானி" என்று சிரித்தபடி ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரை நகர்த்தி வைத்தார்.

மாவில் கோளாறே இல்லை, என் கைச்சூடுதான். ஒவ்வொரு இதழுக்கும் விரல் நுனியை நனைத்து அழுத்தினால் ஓரம் கண்ணாடிபோல் மெலிகிறது. ஆனால் ஈர இதழ் பலகையில் ஒட்டாமல் வழுக்கியது. அடிப்பக்கத்தை மட்டும் துணியில் ஒற்றி எடுத்த பிறகு பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் பதினோரு இதழ், விரலெல்லாம் மரத்துப்போய். பிக்கு அதற்குள் முழுப் பூவே நான்கு முடித்திருந்தார்.