பிஓஇ சுவிட்சில் அக்சஸ் பொயின்ட் பூட்டும்போது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இரண்டு மூன்று கட்டடம் உள்ள இடத்துக்கு வைஃபை போடப்போகிறீர்கள் என்றால் பிஓஇ சுவிட்சே வாங்குங்கள். அக்சஸ் பொயின்டுக்கு, அதாவது வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டிக்கு, ஒரே லேன் வயரில் இணையமும் கரண்டும் போய்விடும், முகட்டுக்குக் கீழே பிளக் தேட வேண்டாம். வாங்கும்போது மொத்த வாட்டைப் பாருங்கள். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரம் என்றால் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, 60 வாட் சுவிட்ச் என்றால் 8 போர்ட்டுக்கும் அதைக் கொடுக்காது.

வயர் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது, முழுச் செம்பாகவும் இருக்கட்டும். செம்பு பூசின அலுமினிய வயர் மலிவுதான், நான் அதை நம்பி அரைநாள் ஏணியில் நின்றேன்.

சரி, செட்டிங். டிஎச்சிபி, அதாவது கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கிற வேலை, ரவுட்டரில் மட்டும். எல்லா அக்சஸ் பொயின்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், 2.4 கிகாஹேர்ட்ஸில் சனல் 1, 6, 11 என்று பிரித்துவிடுங்கள். வந்துபோகிறவர்களுக்குத் தனி விலான் (அதே வயரில் பிரித்த தனி நெட்வொர்க்) வைத்தால் அதைச் சுவிட்ச் போர்ட்டிலும் டாக் செய்யவேண்டும், அதாவது அந்த விலானின் எண்ணைப் போடவேண்டும், மறந்தால் வைஃபை காட்டும், ஆனால் இணையம் வராது.

கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் (கண்ணாடி இழை) வயர்தான். ஐப்பசி மின்னலுக்கு வெளியில் போகிற செம்பு வயர் சுவிட்சையே கொண்டுபோய்விடும். அக்சஸ் பொயின்ட் வேலைசெய்யாமல் இறுகி நின்றால் ஏற வேண்டாம், மனேஜ்டு சுவிட்ச் (கணினியில் இருந்தே செட்டிங் மாற்றக்கூடியது) என்றால் அந்தப் போர்ட்டின் பிஓஇயை நிறுத்திப் போட்டால் சரி.