டாக்ஃபைட்ல கூட்டாளியோட ஆடறப்ப புதுசா வர்றவங்க பண்ற தப்புங்க

போன ஞாயித்துக்கிழம எங்க சித்தப்பா பையனும் அவன் கூட காலேஜ் படிக்கற ரெண்டு பசங்களும் எங்க வீட்டு மாடியில உக்காந்து வார் தண்டர்ங்கற விமானச் சண்ட (டாக்ஃபைட்) கேம் ஆடிட்டிருந்தானுங்க. நான் சேலம் செவ்வாய்பேட்டையில கொலுசுப் பட்டறைய சாத்திட்டு வந்து, கைய கழுவிட்டு, சும்மா பின்னாடி நின்னு பாத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகல, மூணு பேரும் ஒண்ணுபோல ஒரே எதிரி விமானத்து மேல பாஞ்சானுங்க, மூணு பேரும் அடுத்தடுத்து செத்தானுங்க. நாங்க ஆட ஆரம்பிச்ச புதுசுல பண்ண அதே தப்பு, அச்சு அசல் அப்படியே. அன்னிக்கு எங்களுக்கு சொல்லித்தர ஆளில்ல, அதான் இத எழுதறேன்.

கியர (சக்கரத்த) மடக்காம ஏறுறது, ஃபிளாப்ஸ (ரெக்கையில எறக்கற மடிப்பு) போட்டுட்டே டைவ் அடிக்கறது, ரன்வேல முன்னாடி நிக்கறவன இடிக்கறது, இதெல்லாம் நான் எழுதப் போறதில்ல, ஒரு வாரம் ஆடுனா தானா சரியாயிரும். கூட ஆடறவனோட சேந்து சண்ட போடறதுல வர்ற தப்பு அப்படியில்ல. அத பண்றவனுக்கு அது தப்புன்னே தெரியாது, ஏன்னா அவன் ஸ்கிரீன்ல எதிரி நடுவுல அழகா தெரிஞ்சுட்டுதான் இருப்பான்.

ஒரு விஷயம், நான் பேசறது ரியலிஸ்டிக் மோட வச்சு. ஆர்கேடுல செத்தா அடுத்த விமானத்த எடுத்துக்கலாம், நம்ம குண்டு நம்மாள ஒண்ணும் பண்ணாது. ரியலிஸ்டிக்ல ஒரு மேட்சுக்கு ஒரே விமானம், நம்ம குண்டு பட்டா நம்மாளே விழுவான். ஐஎல்-2, டிசிஎஸ் மாதிரி மத்த விமான கேம் ஆடறவங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒரே எதிரிய எல்லாரும் துரத்தறது

இதப்பத்திதான் அதிகம் எழுதப் போறேன், ஏன்னா இத பாத்தா எனக்கு இன்னிக்கும் கோவம் வருது.

நாங்க அப்ப நாலு பேரு. நானு, சித்தப்பா பையன், அம்மாப்பேட்டையில ஒருத்தன், ஏற்காட்டுல ஒருத்தன். ஐப்பசி மழை நேரம், ஏற்காட்டுக்காரன் லைனு இருக்குமா போகுமான்னு தெரியாமயே உள்ள வருவான். சிசிலி மேப்பு, நாலு பேருக்கும் பி-51 முஸ்டாங், கஷ்டப்பட்டு 5000 மீட்டர் ஏறி நிக்கறோம். கீழ 1500 மீட்டர்ல பிஎஃப் 109-ங்கற ஜெர்மன் சண்ட விமானத்துல ஒருத்தன் தனியா போறான். நான் "போறேன்"னு சொன்னேன், சொல்லி முடிக்கறதுக்குள்ள நாலு மூக்கும் கீழ திரும்பிருச்சு.

நான்தான் முதல்ல போய் சேந்தேன், அவனுக்கு ஒரு 400 மீட்டர் பின்னாடி. எனக்குப் பின்னாடி ஏற்காட்டுக்காரன். அவன் என் தோளுக்கு மேல சுடறான், அவன் ட்ரேசர் (வெளிச்சமா போற குண்டு) என் இடது ரெக்கைக்கு பக்கத்துல கோடு கோடா போறது தெரியுது, நான் "சுடாத, சுடாத"ங்கறேன், அவன் "வந்துட்டேன், வந்துட்டேன்"ங்கறான். 109-காரன் இடது பக்கம் மடக்குனான். நானும் மடக்குனேன், நேரா ஏற்காட்டுக்காரன் குண்டு போற கோட்டுக்குள்ளயே போயிட்டேன். டமடமன்னு நாலஞ்சு சத்தம். விமானம் ஒண்ணும் உடையல, ஆனா ரேடியேட்டர் ஓட்டையாயிருச்சு. முஸ்டாங்குக்கு வயித்துக்கடியில இருக்கற அந்த ரேடியேட்டர்ல தண்ணி ஒழுக ஆரம்பிச்சா அவ்வளவுதான், பறக்கும், திரும்பும், எல்லாம் நல்லா இருக்கற மாதிரி இருக்கும், சூட்டு முள்ளு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா செவப்புக்கு ஏறும், அப்புறம் எஞ்சின் நின்னுரும். நான் கடலுக்கு மேல நின்னேன்.

அந்த நேரத்துல மேல என்ன நடக்குதுன்னு பாக்க ஆளே இல்ல. எட்டு கண்ணும் அந்த ஒரு 109 வால்லதான் இருக்கு. எங்க மேல இருந்து ரெண்டு ஃபோக்கே-வுல்ஃப் 190, அதுவும் ஜெர்மன் விமானம்தான், எறங்குனான், முதல்ல சித்தப்பா பையன், அடுத்து அம்மாப்பேட்டைக்காரன். ஏற்காட்டுக்காரன் தரைய ஒட்டி ஓடி, அவனும் போனான். அந்த 109 நிதானமா அவன் ஏர்ஃபீல்டுல போய் எறங்குனான். நாங்க நாலு பேரு, கில்லு பூஜ்ஜியம்.

இதுல எது தப்புன்னா, ரெண்டாவதா போறவன் உதவி பண்றதா நினைக்கறான் பாருங்க, அதுதான். வளைஞ்சு வளைஞ்சு ஓடற விமானத்துக்குப் பின்னாடி சுடற எடம் ஒருத்தருக்குத்தான் இருக்கு. ரெண்டாவது ஆளுக்கு கோணமே கெடைக்காது, கெடைக்கற கோணத்துல குறுக்க நம்மாள்தான் இருப்பான். முன்னாடி இருக்கறவனும் இடிச்சுருவோம்னு பயந்து சரியா மடக்க மாட்டான், அந்த ஒரு செகண்டுல எதிரி தப்பிச்சுருவான். அதோட எல்லாரும் சேந்து உயரத்த தொலைச்சு கீழ வந்து நிக்கறீங்க, மேல இருந்து பாக்கறவனுக்கு வரிசையா கட்டிவச்ச ஆடு மாதிரி. நாலு பேரு ஒருத்தன துரத்தறப்ப அந்த ஒருத்தன் நாலு பேர கட்டிப் போட்டிருக்கான், அவன் கூட்டாளிங்க அத்தன பேரும் ஃப்ரீ.

இது கேமுக்கு மட்டும் இல்ல. முதல் உலகப் போர்ல ஓஸ்வால்ட் போல்க்கன்னு ஒரு ஜெர்மன் பைலட், 40 விமானம் வீழ்த்துனவரு. வான்சண்டைக்குன்னு எட்டு விதி எழுதி வச்சாரு. அதுல கடைசி விதியிலயே, சண்ட தனித்தனியா பிரிஞ்சதும் பல பேர் ஒரே எதிரி மேல போகாம பாத்துக்கணும்னு இருக்கு. அதே போல்க்க 1916 அக்டோபர் 28-ம் தேதி செத்தது எதிரி குண்டால இல்ல. அவரும் அவரு நண்பர் ப்யோமேவும் ஒரே பிரிட்டிஷ் விமானத்த துரத்திட்டிருந்தப்ப, ப்யோமே விமானத்தோட சக்கரம் இவரு மேல் ரெக்கையில உரசிருச்சு. விதி எழுதுன மனுஷனுக்கே ஒரு நொடியில அப்படி ஆச்சுன்னா, மாடியில மூணு லேப்டாப் வச்சு ஆடற பசங்க எத்தன தடவ இடிச்சுக்குவாங்கன்னு யோசிங்க.

சரி, அப்ப ரெண்டாவது ஆளு என்னதான் பண்றது? ஏற்காடு மலைப்பாதையில போயிருக்கீங்கள்ல, 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுல ஒரே நேரத்துல ரெண்டு பஸ்ஸு திரும்ப முடியாது, மேல இருந்து வர்றவன் ஒதுங்கி நிக்கணும், ஏறுற வண்டி போனப்புறம்தான் எறங்கணும். அதேதான். ஒருத்தன் உள்ள போயிட்டான்னா அடுத்தவன் மேலயே நிக்கணும், ஒரு 500லிருந்து 1000 மீட்டர் மேல, கொஞ்சம் பக்கவாட்டுல. நிக்கறதுன்னா வேடிக்க பாக்கறது இல்ல. அவன் வேல, துரத்தறவனோட முதுகப் பாக்கறது. அடிக்கறவன் ஒருத்தன், காவக்காரன் ஒருத்தன். 1930-கள்ல ஸ்பெயின் உள்நாட்டுப் போர்லயே ஜெர்மன்காரனுங்க ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு இப்படித்தான் பறக்க ஆரம்பிச்சானுங்க, ரெண்டு ஜோடி சேந்தா நாலு, நீட்டி வச்ச கையில நாலு விரல் நுனி இருக்கற மாதிரி.

அடிக்கறவனுக்கு வேகம் போயிருச்சு, இல்ல எதிரிய தாண்டிப் போயிட்டான்னா, உடனே வாயத் தொறந்து "நான் வெளிய போறேன், நீ வா"ன்னு சொல்லிட்டு மேல ஏறணும். மேல இருந்தவன் அப்பத்தான் எறங்கணும். வேல மாறிருச்சு, இப்ப முதல் ஆளு காவக்காரன். இந்த மாத்தி மாத்தி அடிக்கறதுலதான் எதிரி சாவான், அவனுக்கு மூச்சு விட நேரமே இருக்காது, வேகம் தீந்து தீந்து கடைசியில நேரா பறக்க ஆரம்பிச்சுருவான்.

"நீ அடிக்கல, அதான் நான் வந்தேன்"னு ஒரு சாக்கு சொல்லுவாங்க, எங்க சித்தப்பா பையன் போன ஞாயித்துக்கிழமகூட அதத்தான் சொன்னான். தம்பி, அவன் அடிக்கலன்னாலும் பரவால்ல, நீ மேல இரு. ஒரு கில்லு போனா போகட்டும், ரெண்டு உயிர் இருக்கு.

குண்டு போடற பெரிய பாம்பருக்கு மட்டும் இது வேற. அதுல எல்லா பக்கமும் கன்னர் இருப்பான், அதனால ரெண்டு பேரு ரெண்டு திசையில இருந்து ஒரே நேரத்துல வந்தா அவனுங்க சுடறது ரெண்டு பக்கமா பிரியும். அப்பவும் ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் வரிசையில நிக்காதீங்க.

"பின்னாடி பாரு!"ன்னு கத்தறது

யாரு பின்னாடி? டிஸ்கார்டுல (ஆடிட்டே பேசற ஆப்பு) நாலு பேரு இருக்கறப்ப ஒருத்தன் இப்படி கத்துனா நாலு பேரும் பதறி மடக்குவாங்க, அதுல மூணு பேரு சும்மா வேகத்த இழந்ததுதான் மிச்சம். முதல்ல பேரு, அப்புறம் எங்க, அப்புறம் எவ்வளவு தூரம். "ஏற்காடு, உன் அஞ்சு மணியில, மேல, ஒரு கிலோமீட்டர்." இவ்வளவு போதும். மூக்கு 12 மணி, வாலு 6 மணி. "அங்க", "இங்க", "அதோ"ன்னு சொல்லாதீங்க, உங்க ஸ்கிரீன் அவனுக்குத் தெரியாது. நாங்க பேருக்குப் பதிலா ஊருப்பேர வச்சுக்கிட்டோம், அம்மாப்பேட்டை, ஏற்காடுன்னு, கத்தறப்பகூட தெளிவா கேக்கும்.

நேரம் இல்லன்னா பேரும் திசையும் மட்டும். "ஏற்காடு, ரைட்ல மடக்கு!"

மைக்க திறந்தே வக்கிறது

அம்மாப்பேட்டையில பக்கத்து வீட்டு தறி சத்தத்துல எங்களுக்கு எதிரி வந்ததே கேக்காம போயிருக்கு, பட்டன அமுக்கிப் பேசுங்க.

மாட்டிக்கிட்டவன் தனியா ஓடறது

வால்ல ஒருத்தன் ஒட்டிக்கிட்டா புதுசா வர்றவங்க கூட்டாளிங்கள விட்டு விலகி எங்கயோ தரைய ஒட்டி ஓடறாங்க, இல்லன்னா ஒரே எடத்துல சுத்தி சுத்தி வர்றாங்க. ரெண்டுமே சாவுதான். நீங்க போக வேண்டிய எடம் உங்க கூட்டாளிகிட்ட. எதிரிய இழுத்துட்டு அவன் மூக்குக்கு முன்னாடி குறுக்க போகணும்.

இத நான் அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு தட்டுவடை செட்டு கடையில வச்சுதான் அம்மாப்பேட்டைக்காரனுக்குப் புரிய வச்சேன். கடைக்காரரு தட்டையில சட்னி தடவி, துருவுன பீட்ரூட்டும் கேரட்டும் வச்சு, மேல இன்னொரு தட்டைய அமுக்கித் தர்றதுக்குள்ள, ரெண்டு வெறும் தட்டைய வாங்கி பலகை மேல பக்கத்துல பக்கத்துல வச்சேன். இது நீ, இது நான், நடுவுல கொஞ்சம் எடம். உன் பின்னாடி எதிரி வந்தா ரெண்டு பேரும் ஒருத்தர பாத்து ஒருத்தர் உள்பக்கமா திரும்பறோம், குறுக்க தாண்டறோம், உன்ன துரத்திட்டு வர்றவன் என் மூக்குக்கு நேரா வந்து நிப்பான். அவன் விட்டுட்டு ஓடணும், இல்ல என் குண்ட வாங்கணும். தாண்டுனதும் மறுபடி திரும்பி, மறுபடி தாண்டு, பின்னல் பின்னுற மாதிரி.

இத கண்டுபிடிச்சது அமெரிக்க கடற்படை பைலட் ஜான் தாச், 1941-ல, வீட்டு மேஜையில தீக்குச்சிய அடுக்கி அடுக்கி. ஜப்பான்காரன் ஜீரோ விமானம் அவங்க வைல்ட்கேட்ட விட நல்லா திரும்பும், நல்லா ஏறும். தனியா நின்னா ஜெயிக்க முடியாது, ரெண்டு பேரு சேந்தா முடியும்னு யோசிச்சாரு. 1942 ஜூன்ல மிட்வே சண்டையிலயே அது வேல செஞ்சுது. மட்டமான விமானத்த வச்சுக்கிட்டு நல்ல விமானத்த சமாளிக்க எனக்குத் தெரிஞ்சு இத விட வேற வழி கேம்லயும் இல்ல.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல திரும்பற அளவுக்கு எடம் வேணும். ஒட்டி ஒட்டிப் பறந்தா பின்ன முடியாது.

ஹெட்-ஆன் (எதிரிக்கு நேருக்கு நேர் மூக்க காட்டி பாயறது)

போகாதீங்க.

கூட்டாளி திரும்பற ஒவ்வொரு திருப்பமும் நீங்களும் திரும்பறது

கூடவே இருக்கணும்னு சொன்னா சில பேரு வால புடிச்ச மாதிரி கூடவே திரும்புவாங்க. கூர்மையா திரும்புற ஒவ்வொரு திருப்பத்துலயும் வேகம் கரையும், ரெண்டு பேருக்கும் ஒண்ணா கரைஞ்சா காப்பாத்த யாரு இருக்கா? வேகம்னா என்னன்னு ஒரு கணக்கு சொல்றேன். சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. மணிக்கு 560 கிலோமீட்டர் வேகத்துல போற விமானம், காத்து இழுக்கற நஷ்டத்த கணக்குல எடுக்கலன்னா, எஞ்சின் உதவியே இல்லாம அந்த வேகத்த மட்டும் வச்சு சேலத்து உயரத்துல இருந்து ஏற்காட்டு உயரத்துக்குப் போயிரும். பஸ்ஸுல முக்கி முக்கி ஏறுற மலை அது. அவ்வளவு பெரிய சொத்த, கூட்டாளி வளையறான்னு நீங்களும் வளைஞ்சு செலவு பண்ணாதீங்க. அவன் வட்டம் போட்டா நீங்க அந்த வட்டத்துக்கு மேல பெரிசா, சோம்பலா ஒரு வட்டம் போடுங்க, போதும்.

கில்லு யாரோடதுன்னு சண்ட

மேட்ச் முடிஞ்சப்புறம் வச்சுக்கோங்க.

குண்டு தீந்தத சொல்லாம இருக்கறது

ஸ்பிட்ஃபயர் மார்க் 9-ல ரெக்கைக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஹிஸ்பானோ பீரங்கி, ஒவ்வொண்ணுக்கும் 120 குண்டு. நிமிஷத்துக்கு 600 கிட்ட சுடும், ஆக மொத்தமே ஒரு 12 செகண்டுதான். அது தீந்தப்புறம் மெஷின் கன்ன வச்சு ஒப்பேத்திட்டு, வெளிய சொல்ல கூச்சப்பட்டு சும்மா இருந்துருவாங்க. உங்கள நம்பி கூட்டாளி எதிரிய இழுத்துட்டு உங்க மூக்குக்கு முன்னாடி வருவான், நீங்க பட்டன அமுக்குவீங்க, டிக்கு டிக்குன்னு சத்தம்தான் வரும். இதுல செத்த ஆளுங்கள நான் பாத்திருக்கேன்.

தீந்த உடனே சொல்லுங்க. எதிரிக்கு உங்ககிட்ட குண்டு இல்லன்னு தெரியாது, உங்கள பாத்து அவன் மடக்கத்தான் போறான். போன மாசம் ஏற்காட்டுக்காரன் "தீந்துருச்சு, ஆனா ஒருத்தன் என் பின்னாடி வர்றான், எங்க இருக்க?"ன்னான். "உனக்கு வலது பக்கம், ரெண்டு கிலோமீட்டர், உன்ன விட மேல"ன்னேன். அவன் ரைட்ல மடக்கி என் முன்னாடி குறுக்க போனான், நான் அந்த எதிரிய அடிச்சேன், ஏற்காட்டுக்காரன் ஏர்ஃபீல்டுல எறங்கி குண்டு ஏத்திட்டு திரும்ப வர்ற வரைக்கும் மேலயே நின்னுட்டிருந்தேன்.