மத்தேயு 24, 25: கடைசி கால உவமைகளை எப்படி வாசிப்பது?

எங்காவது பூமியதிர்ச்சி வந்தாலோ யுத்தம் மூண்டாலோ போதும், மத்தேயு 24-லிருந்து ஒன்றிரண்டு வசனங்களை மட்டும் பிய்த்தெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள், வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அதைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். ஆனால் யுத்தங்களைப் பற்றிச் சொல்கிற அதே 6-ஆம் வசனத்தில்தான் "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்" என்றும், "முடிவு உடனே வராது" என்றும் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியைத் துண்டு துண்டாக வாசிக்காதீர்கள்.

முதலில் 24, 25 இரண்டு அதிகாரங்களையும் ஒரே தடவையில் வாசித்து முடியுங்கள். மொத்தம் 97 வசனங்கள்தான், சத்தமாக வாசித்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதிகாரப் பிரிவெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்துப் போட்டது. இது ஒலிவமலையில் உட்கார்ந்து இயேசு சீஷர்களிடம் பேசிய ஒரே பேச்சு. 24-ல் வருவது அடையாளங்கள், 25-ல் வருவது உவமைகள் என்று பிரித்துவிட்டால், அந்த உவமைகள் எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தன என்பதே தெரியாமல் போய்விடும்.

அந்தக் கேள்வி 24:3-ல் இருக்கிறது. ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்று இயேசு சொன்னதும், அது எப்போது நடக்கும், உம்முடைய வருகைக்கும் உலக முடிவுக்கும் அடையாளம் என்ன என்று சீஷர்கள் சேர்த்துக் கேட்கிறார்கள். எருசலேம் ஆலயம் கி.பி. 70-ல் ரோமத் தளபதி தீத்துவின் படையால் இடிக்கப்பட்டது. ஆகவே ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, அந்த நாட்களின் எருசலேமுக்குப் பொருந்துகிற வசனங்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்: யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடட்டும் என்பது, நீங்கள் ஓடுவது ஓய்வுநாளில் நேரிடாதபடி ஜெபியுங்கள் என்பது, இப்படி. லூக்கா 21:20-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சேனைகள் எருசலேமைச் சூழ்வதை அங்கே வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. எந்த வசனம் எந்தக் காலத்துக்கு என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதற்காகச் சண்டை போட வேண்டாம், சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே வாசியுங்கள்.

அப்புறம் 24:32-ல் வருகிற அத்திமர உவமை. அது துளிர்விடும்போது வசந்தகாலம் சமீபம் என்று அறிவீர்கள், இவையெல்லாம் நடக்கும்வரை இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்கிறார் இயேசு. அத்திமரம் என்றால் இஸ்ரவேல், 1948-ல் இஸ்ரவேல் நாடு உருவானபோது அது துளிர்த்தது, ஒரு சந்ததி என்றால் 40 வருஷம் என்று கணக்குப் போட்டு 1988-ஐக் குறித்தவர்கள் இருந்தார்கள். அந்த வருஷமும் வந்து போய்விட்டது. லூக்கா 21:29-ஐத் திறந்தால், "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று இருக்கிறது. உவமையில் வருகிற ஒரு பொருளுக்கு அர்த்தம் சொல்வதற்கு முன், மற்ற சுவிசேஷங்களில் அதே உவமை எப்படி வருகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி நிதானமாக வாசிக்க வேண்டிய இடம், 24:45 முதல் 25:30 வரை. மூன்று உவமைகளிலும் வரவேண்டியவர் தாமதிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பொல்லாத ஊழியக்காரன் எஜமான் வர நாளாகும் என்று நினைத்து உடன்வேலைக்காரரை அடிக்கிறான், எஜமானோ அவன் நினையாத நாளில் வந்துவிடுகிறார். பத்துக் கன்னிகைகளில் புத்தியில்லாத ஐந்து பேருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு: மணவாளன் சீக்கிரம் வந்துவிடுவார் என்பதுபோலத் தீவட்டிகளோடு எண்ணெய் எடுக்காமல் போனார்கள், அவரோ நடுராத்திரியில்தான் வந்தார். நேரமாகும் என்று நினைத்தவனும் மாட்டிக்கொண்டான், நேரமாகாது என்று இருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். தூங்கியதைக் குற்றமாகச் சொல்லிப் பிரசங்கம் செய்கிறோம், ஆனால் அந்தப் பத்துப் பேரும்தான் தூங்கினார்கள், புத்தியுள்ளவர்களும்கூட! வித்தியாசம் எண்ணெயில்தான் இருந்தது. எஜமான் தன் பணத்தை ஊழியக்காரரிடம் ஒப்படைத்துப் பயணம் போகிற தாலந்து உவமையிலும் அவர் திரும்புவது வெகுகாலத்துக்குப் பிறகுதான். ஒரு தாலந்து என்பது 6,000 வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்று மத்தேயு 20-ல் வருகிறதே, அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பு. ஒரு தாலந்து வாங்கினவனுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள் என்று இனி யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

சரி, எண்ணெய் எதைக் குறிக்கிறது, விற்கிறவர்கள் யார் என்று ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். இயேசுவே விளக்கம் சொன்ன ஓர் உவமையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 13-ல் களைகளின் உவமைக்கு அவர் சொன்ன விளக்கத்தில் நிலம், விதை, களை, சத்துரு, அறுப்பு, அறுக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்கிறது, களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலைக்காரருக்கோ அர்த்தம் சொல்லவில்லை. அவர் விட்ட இடத்தை நாமும் விட்டுவிடலாம்.

தேதி சொல்கிறவர்கள் வந்தால் 24:36-ஐ எடுத்துக் காட்டுங்கள். அந்த நாளைப் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் தானியேல் 8:14-ல் வரும் 2,300 நாட்களை வருஷங்களாகக் கணக்கிட்டு 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவருக்காகக் காத்திருந்தார்கள். உண்மையான பக்தியோடு காத்திருந்த ஜனங்கள் அவர்கள், மறுநாள் விடிந்தபோது அவர்கள் பட்ட வேதனையை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனத்துப்போகிறது. 2011-ல் அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். தேதியை நம்பி ஏமாந்த ஒருவரை மறுபடியும் சபைக்குக் கூட்டிக்கொண்டு வருவது லேசான காரியமில்லை.

வாலிபர் கூட்டத்தில் இதைப் பாடமாக எடுக்கிறீர்கள் என்றால் 25:31-46-ஐக் கடைசியாக வைத்து, அதற்கு நேரம் மிச்சம் வையுங்கள். நியாயத்தீர்ப்பில் ராஜா பிரித்து நிறுத்துகிற செம்மறியாடுகள், வெள்ளாடுகள் இரு பக்கத்தாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம்? இதை வாசித்தபின் நீங்கள் விளக்கம் சொல்லாமல், நம் தெருவில் பசியாயிருக்கிறவர் யார், வியாதியாயிருக்கிறவர் யார், காவலில் இருக்கிறவரின் குடும்பம் எது என்று பிள்ளைகளிடமே கேட்டு, சொல்கிற பெயர்களை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த வாரமே யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவுசெய்துவிட்டு, அப்புறம் ஜெபித்து முடியுங்கள்.